பிழையில்லாத லேபிள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மூலையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் பத்திரிகை உறைகளைக் கட்டோடு என் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் விலாசம் எழுதிக் கொடுப்பேன். கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்தவர் என் மார்க் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "லேபிள் எழுத ஆள் கெடச்சாச்சு" என்றார். பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

நீங்கள் அனுப்பிய விசாரணை அறிக்கையை இரண்டு தரம் படித்தேன், ஐயா. பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். 'ஸ்டோர் பொறுப்பாளரின் பதிவுகள் யாவும் முறையாக உள்ளன' என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆறாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. 'முறையான லேபிள் ஒட்டப்படாத கொள்கலன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் காலையிலேயே வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதைத் திருத்த வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி பெரிய குழாய்களிலும் தொட்டிகளிலும் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று படமெடுத்துச் சொல்லும். எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலைதான், இரும்புக்கு எடுக்கிறோம். அதற்கு வேண்டிய கதிரியக்கப் பொருள் ஈயக் குண்டான்களில் வரும். உள்ளே இருப்பது சுண்டு விரல் நகம் அளவுகூட இராது. அதைச் சுமக்கும் குண்டானைத் தூக்க மூச்சுப் பிடிக்க வேண்டும். பொருளின் பலத்தைப் பொறுத்துப் பெரிய குண்டான், சின்னக் குண்டான் என்று உண்டு. சின்னதன் சுவர் மெல்லிசு, பலமில்லாத பொருளைத்தான் அது தாங்கும்.

ஒவ்வொரு குண்டானிலும் மஞ்சள் லேபிள் இருக்க வேண்டும். மூன்று இலை போட்ட எச்சரிக்கைச் சின்னம் அச்சிலேயே வரும். எங்கள் ஆட்கள் அதை ஃபேன் என்பார்கள். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் அளந்தது, அளந்தவர் யார் என்று நாலு கட்டம் இருக்கும். நாலையும் நான் கையால் நிரப்புவேன். இது முதல் விதி. இதை எல்லோரும் மதிப்பார்கள். இரண்டாவது விதி ஒன்று உண்டு. குண்டான் காலியானதும் அந்த லேபிளை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் குறுக்கே கோடு போட்டு அழித்துவிட வேண்டும். இதை ஒருவர்கூட மதிப்பதில்லை. என் பார்வையில் முதல் விதியைவிட இதுதான் பெரிது. காலிக் குண்டானில் லேபிளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், நிறைந்த குண்டானைப் பார்த்தாலும் காலி என்றுதான் நினைப்பான். புலி வருது கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் வராது.

எங்கள் ஆபீஸ் அறைக்கு நீங்களே வந்தீர்கள், பார்த்திருப்பீர்கள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு குண்டான். டைப் அடிக்கும் அக்காவின் மேஜையில் பேனாக்களும் ஸ்கேலும் போட ஒரு குட்டிக் குண்டான். எல்லாவற்றிலும் ஃபேன் படத்தோடு பழைய லேபிள். எச்சில் தொட்டுக்கூட அதை உரித்துவிடலாம், ஆனால் யாருக்கும் மனம் வராது. நான் வாரம் ஒருமுறை சுரண்டும் பிளேடை எடுத்துக்கொண்டு வருவேன். அக்கா பேனா டப்பாவை மார்போடு அணைத்துக்கொள்வார்.

"ஸ்டிக்கர் சார் வந்துட்டாரு, அவங்கவங்க சாமானப் பத்திரமா வெச்சுக்கங்கப்பா" என்பார். அறை முழுக்கச் சிரிக்கும்.

ஸ்டிக்கர் என்ற பெயரை எனக்கு வைத்தவர் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். அறிக்கையில் 'இறந்த பாதுகாப்பு அதிகாரி' என்று நீங்கள் குறிப்பிடுவது அவரைத்தான்.

அவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. முதலாளியிடம் நான்தான் போய் நின்றேன். வந்த ஆறாம் வருஷத்தில் அவர் பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டார். நான் எழுதும் லேபிளுக்கும் பதிவேட்டுக்கும் அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும் என்றானது. எனக்கு இதில் வருத்தம் கிடையாது. அவர் கலகலப்பானவர், வெளியாட்களிடம் பேசத் தெரிந்தவர். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. முதலாளி செய்தது நியாயம்தான் என்று அன்றைக்கே என் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

அவருடைய மேஜைக்கு அடியிலும் ஒரு சின்னக் குண்டான் இருந்தது. கால் வைத்துக்கொள்வதற்கு. அவருக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதன்மேலாவது தூக்கி வைத்தால்தான் வேலை ஓடும். அதன் லேபிள் ஐந்து வருஷத்துக்கு முந்தியது. என் எழுத்துத்தான். அதை உரிக்க விடுங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டேன்.

"மச்சான், லேபிள் இருந்தாத்தான் ஒருத்தனும் அதத் தூக்கிட்டுப் போக மாட்டான். உரிச்சுட்டீங்கன்னா நாளைக்கே பழைய இரும்புக் கடையில இருக்கும்."

"விதின்னு ஒண்ணு இருக்கே மாப்ளை."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மச்சான்."

பாதுகாப்பு அதிகாரி சொன்ன பேச்சு இது. குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சம்பவம் உண்டு. இதைக் காரணம் என்று எழுத வேண்டாம். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது மாப்பிள்ளை என் முதுகில் தட்டி, "பத்திரமாப் போய்ட்டு வாங்க மச்சான்" என்றார். வழக்கமாகத் தட்டுவதில்லை. நான் பஸ் பிடித்து, இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றபடி, வீடு வரைக்கும் வந்தேன். வழியில் காய் வாங்கினேன், மருந்துக் கடையில் நின்றேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது மனைவி பார்த்தாள். முதுகில் ஒரு மஞ்சள் லேபிள். கட்டங்களை நிரப்பியிருந்தார். பொருள்: எங்க மச்சான். அளவு: சொல்லிக்கிற மாதிரி இல்ல. தேதி: காலாவதியாகி ரொம்ப நாளாச்சு.

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் தங்கையும் போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தேன். கதிரியக்கப் பொருள், விலகி நில் என்று அச்சடித்த லேபிளை முதுகில் ஒட்டிக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். ஒருவர்கூட ஓர் அடி தள்ளி நிற்கவில்லை. என் பின்னால் நின்றவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

நாங்கள் உபயோகிப்பது இரிடியம். நாள் ஆக ஆக அதன் பலம் குறையும். படமெடுக்க ஆகாத நிலைக்கு வந்ததும் தயாரித்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். படமெடுக்க ஆகாதே தவிர, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை இல்லை அது. பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த முறை திருப்பி அனுப்ப வேண்டியவை மூன்று இருந்தன. இரண்டை அனுப்பினேன். ஒன்று தாமதமாக வரும் என்று சீட்டில் எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் மேஜைக்கு அடியில் இருந்த சின்னக் குண்டானை ஸ்டோருக்கு எடுத்துப் போனேன். ஐந்து வருஷப் பழைய லேபிளைச் சுரண்டி எடுத்தேன். குண்டானைத் துடைத்தேன். ஈயச் செங்கல் சுவருக்குப் பின்னால் நின்று, நீண்ட இடுக்கியால் மூன்றாவது இரிடியத்தை அதற்குள் இறக்கினேன். முன்னாடியே எழுதி வைத்திருந்த புது லேபிளை ஒட்டினேன். தள்ளுவண்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். எனக்கு வேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அதைவிடக் குறைவாகவே ஆனது.

அந்த லேபிளைத்தான் நீங்கள் முறையற்றது என்கிறீர்கள். பொருள், சரி. அளவு, அன்று காலை கதிர்வீச்சு மீட்டர் வைத்து அளந்தது. தேதி, அன்றைய தேதி. பெயர், என் பெயர். அடித்தல் திருத்தல் இல்லை. அப்படி ஒரு லேபிளை நான் அதற்கு முன் எழுதியதில்லை என்றுகூடச் சொல்வேன். உங்கள் ஆட்கள் வந்தபோது மீட்டர் கத்தியதும் தூரத்தில் நின்று நீண்ட கொக்கியால் இழுத்துப் பெரிய பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. ஆனால் படிக்க யாரும் முயலவில்லை. ஆபீஸில் எல்லோரும், "அது பழைய காலிக் குண்டான் சார்" என்றார்கள், நீங்கள் அதையே எழுதிக்கொண்டீர்கள். பெட்டியைத் திறக்கும்போது பாருங்கள். இன்னும் அப்படியே இருக்கும், நல்ல பசை.

அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். அவருடைய மேஜை மாப்பிள்ளையின் மேஜைக்கு எதிரில் இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே அதை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேன். "கண்ணுக்கு வெளிச்சம் வேணும்ல அக்கா" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். நீங்கள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. எனக்குத் தெரியும், அளந்து பார்த்துத்தான் தள்ளினேன்.

எங்கள் ஆட்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜ், கத்துகிற மீட்டர் எல்லாம் ஸ்டோர் வாசலில் ஆணியில் தொங்கும். படமெடுக்கப் போகும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். ஆபீஸ் சுத்தமான அறை என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அந்த அறைக்குள் மீட்டர் வருவது வாரத்தில் ஒரு தரம், என்னோடு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அறையின் நாலு மூலையையும் மேஜைகளையும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினேன். மாப்பிள்ளையின் மேஜைக்கு நேராக என்ன வந்ததோ அதையே எழுதினேன். முந்தின வாரம் வரைக்கும் இருந்த எண்ணையும் அந்த வார எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் புரியும். பதிவேட்டை மூடாமல் விரித்தபடியே அவர் முன்னால் வைத்தேன். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது வாரம், ஒன்பது கையெழுத்து. உங்கள் அறிக்கையிலேயே அது இருக்கிறது. 'பாதுகாப்பு அதிகாரியின் சொந்தக் கவனக்குறைவே காரணம்.' இதைத்தான் பதினாறு வருஷமாக நான் வாய் வலிக்கச் சொன்னேன். எழுதியதைப் படித்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். நான் எதையும் மறைக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு ரெண்டு பாதமும் வெந்த மாதிரி செவந்து கெடக்கு. புதுச் செருப்பு கடிச்சிருச்சுங்கறாரு. செருப்பு கடிச்சா இப்படியா ஆகும்?"

"டாக்டர்கிட்ட காட்டச் சொல்லும்மா" என்றேன்.

"நீங்க சொன்னாக் கேப்பாரு."

"சொல்றேன்."

சொன்னேன். அவர் தோல் டாக்டரிடம் போய் ஒரு களிம்பு வாங்கிவந்தார். அதைத் தடவிக்கொண்டு, எரிச்சலுக்கு இதமாக, வெறுங்காலைத் தூக்கிக் குண்டானின்மேல் வைத்துக்கொண்டார். ஈயம் ஜில்லென்று இருக்கும்.

ஆறாம் வாரம் ஒரு மத்தியானம் தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் முதலாளியின் அறையில் இருந்தார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திரங்களைத் திறந்து வைத்துவிட்டு, களைப்பில் காலை நீட்டினாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, வளையல் ஒன்று உடைந்துவிட்டது.

"என்னண்ணா, ஆபீசர் சீட்ல உக்காந்தா அடிப்பீங்களா?" என்று சிரித்தாள்.

"ஸ்டோர் ஆளுங்க வீட்டுக்காரங்க இங்கதான் உக்காரணும்" என்றேன். அக்காகூடச் சிரித்தார். தங்கையிடம் எனக்குப் பாசம் உண்டு, ஐயா. அப்பா இறந்த பிறகு அவளை வளர்த்தது நான்தான். இதிலிருந்து, நான் தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். ஆட்சேபணை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறது. வாந்தி, முடி உதிர்ந்தது, பாதம் அழுகியது. ஒன்பதாம் வாரம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. ஒரு காலை எடுத்தார்கள். பிறகு அதனாலும் பிரயோஜனம் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். ரத்தம் கொடுத்தேன். கடைசிப் பத்து நாளில் அவர் தமாஷாகப் பேசுவதை நிறுத்திவிட்டார், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவளப் பாத்துக்கங்க மச்சான்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

இவ்வளவுதான். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழுதி வைத்ததற்கு ஒரு மதிப்பு உண்டு என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். குனிந்து ஒரு தரம் படித்திருந்தால் போதும். ஆறாம் பக்கத்தை மட்டும் திருத்திக்கொடுத்தால் நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்பதாம் பக்கமா? படித்தேன். தங்கை கொடுத்த வாக்குமூலம். 'குண்டானில் உள்ள லேபிளைப் பற்றித் தன் மச்சானிடம் கேட்டதாகவும், அது காலி என்று அவர் சொன்னதாகவும் என் கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.' அதை வைத்து நீங்கள், ஸ்டோர் பொறுப்பாளர் வந்த எண்ணை எழுதினாரே தவிர, அவரும் அது காலி என்றே நம்பியிருந்தார் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஆமாம், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆறாம் பக்கத்தைத் திருத்தினால் ஒன்பதாம் பக்கம் நிற்காது. லேபிளை எழுதியவனே நான் என்றால், காலி என்று நம்பியிருக்க வழியில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் நடந்தது அது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பேனா மூடி மேஜைக்கு அடியில் உருண்டு போனது. அவர் முழங்கால் போட்டுக் குனிந்து தேடினார். எழுந்திருக்க நேரமானது. பிறகு என் மேஜைக்கு வந்தார். கிண்டல் எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மச்சான், என் கால் வைக்கிற குண்டான்ல புதுசா உங்க எழுத்து இருக்கே. தேதிகூட இந்த மாசம் போட்டிருக்கு. உள்ள ஏதாவது இருக்கா?"

"காலிதான் மாப்ளை. புதுப் பேனா, எப்படி ஓடுதுன்னு எழுதிப் பாத்தேன்."

"சத்தியமா?"

"காலிதான்."

"அப்பச் சரி. லேபிள் விஷயத்துல நீங்க சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

வாயால் சொன்னதை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது, ஐயா. அதனால்தான் இதை நான் முதலில் சொல்லவில்லை. பதினாறு வருஷத்தில் நான் எழுதியதைக் குனிந்து படித்து, சந்தேகம் என்று என்னிடம் வந்து கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்ட பிறகும் ஆறு வாரம் அந்தக் குண்டான் அங்கேயேதான் இருந்தது. வாரா வாரம் நான் போய் அளந்தேன்.